படகில் கால் வைக்கும் முன்



படகுப் பயணத்தின் பாதுகாப்பைப் பற்றி மதுரையில் ஏன் பேச வேண்டும்? அழைப்பிதழைப் பார்த்த பலருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கும். வைகையில் ஆண்டின் பல மாதங்களில் மணல்தான் தெரிகிறது. கடல் நமக்குத் தொலைவு. நம் கண்மாய்களில் பாதி, கோடை வந்தால் கிரிக்கெட் மைதானம். இந்த ஊருக்கும் படகுக்கும் என்ன உறவு?

உறவு குறைவு என்பதால்தான் இந்தப் பேச்சு இங்கே நடக்க வேண்டும். பாம்பனிலும் தொண்டியிலும் பிறந்தவர் காற்றைப் பார்த்துத்தான் படகை இறக்குவார். மேகம் கறுத்தால் கரையிலேயே உட்கார்ந்துகொள்வார். அவருக்கு அதை யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கோ படகு என்றால் விடுமுறை. கோடைக்கானல், தேக்கடி, ராமேஸ்வரம், பிச்சாவரம் என்று போகிறோம். வரிசையில் நிற்கிறோம், சீட்டு வாங்குகிறோம், டவுன் பஸ்ஸில் ஏறுவதைப் போல ஏறி ஜன்னலோரம் பிடிக்கிறோம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தோமா? படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டோமா? லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்துக் கட்டினோமா?

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. தண்ணீரில் உயிரைக் காப்பாற்றும் முடிவுகளைக் கரையில் நிற்கும்போதே எடுத்தாக வேண்டும். தண்ணீரில் விழுந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. ஏன் இருக்காது என்பதைத்தான் இன்று விளக்கப்போகிறேன்.

முதலில் தேக்கடிக்குப் போவோம். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர்த்தேக்கம் அது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, வைகையில் சேர்ந்து, மேலூர் வரை வயல்களை நனைக்கிறது. இந்த அரங்கில் இருக்கும் நாம் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அந்தத் தண்ணீரைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதே தண்ணீரில், 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அன்று புயல் இல்லை, வெள்ளம் இல்லை. கரையில் காட்டு விலங்குகள் தெரிந்தன. பார்ப்பதற்காகப் பயணிகள் ஒரே பக்கம் எழுந்து போனார்கள் என்றும், படகு சாய்ந்தது என்றும், சாய்ந்த படகு நிமிரவே இல்லை என்றும் தப்பியவர்கள் சொன்னார்கள். படகின் கட்டமைப்பைப் பற்றியும், ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றியும் பின்னால் விசாரணைகளில் கேள்விகள் எழுந்தன. அந்தக் கேள்விகள் அதிகாரிகளுக்கு உரியவை. அவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் படகில் உட்கார்ந்திருக்கும் நமக்கு உரியது ஒன்று உண்டு. படகின் சமநிலை அதில் இருக்கிற ஆட்களின் உடம்பில்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் பாரம் தாழ்கிறது, படகு உறுதிப்படுகிறது. எழுந்தால் பாரம் உயர்கிறது, படகு தளர்கிறது. மேல்தளத்தில் எழுந்து நின்றால் இன்னும் மோசம். நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஒரு பக்கம் நகர்ந்தால், மூன்று டன் எடை ஒரு நொடியில் இடம் மாறுகிறது. எந்தப் படகோட்டியால் அதைத் தடுக்க முடியும்?

யானையைப் பார்க்கலாம். உட்கார்ந்தே பார்க்கலாம். “அங்கே பார், அங்கே பார்!” என்று யாராவது கத்தும்போது குழந்தையின் தோளில் கை வைத்து, “உட்காருப்பா, இங்கிருந்தே தெரியுது” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

தேக்கடியோடு நின்றதா? 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டு ஏரிக்கு உல்லாசமாகப் போன உறவினர் கூட்டத்தில் 22 பேர் ஒரே படகில் மாண்டார்கள். 2014 ஜனவரி 26, குடியரசு நாள். அந்தமானில் போர்ட் பிளேர் அருகே ‘அக்வா மரைன்’ கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் காஞ்சிபுரத்துக்காரர்கள். 2023 மே 7, கேரளத்தின் தானூரில் இன்னொரு 22 பேர். தேதிகளைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ், குடியரசு நாள், மே மாத ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் கூட்டம் அதிகம். கூட்டம் அதிகம் என்றால், “இன்னும் நாலு பேர் ஏறுங்க, பரவாயில்லை” என்ற குரலும் அதிகம். அந்தக் குரல் கேட்கும்போது இறங்கிவிடுங்கள். காசு போனால் போகட்டும். அடுத்த படகு வரும்.

இனிக் காற்று. கடலில்தான் காற்று, ஏரியில் என்ன காற்று என்று நினைக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். நாடு முழுவதும் அதைப் பேசிச் சிரித்தது. சிரிப்பை விடுங்கள். அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். சற்று நேரத்தில் காற்று அத்தனை அட்டைகளையும் கரையில் கொண்டுவந்து ஒதுக்கிவிட்டது. அது அம்மி பறக்கும் ஆடி மாதமா? இல்லை. சித்திரை. சித்திரையிலேயே அந்த நீர்ப்பரப்பின் காற்றுக்கு அவ்வளவு வலு என்றால், ஆனி ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கு வழியே இறங்கிவரும் மேல்காற்று என்ன செய்யும்? ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்களே, சும்மாவா நிறுத்தினார்கள்?

மிதிப்படகு எடை குறைந்தது, தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்பது. காற்றுக்கு அது பெரிய தெர்மாகோல் அட்டைதான். பரிசலும் அப்படியே. அடியில் கட்டை இல்லாததால் காற்று அதைச் சுழற்றிக்கொண்டே தள்ளும். வைகை அணையில் பரிசல் போட்டு மீன்பிடிக்கிறவர்கள் துடுப்பை இடையில் விடாமல் போட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கடல் அலை நீளமானது. படகு ஏறி இறங்க நேரம் கொடுக்கும். ஏரி அலை சிறியது, ஆனால் நெருக்கமானது, செங்குத்தானது. ஓர் அலையிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது அடித்துவிடும். பக்கவாட்டில் வாங்கினால் தண்ணீர் உள்ளே வரும். உள்ளே வந்த தண்ணீர் சும்மா இருக்காது. படகு சாயும் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே அலை எழுந்தால் படகின் மூக்கை அலைக்குச் சற்றே சாய்வாக எதிர்முகமாகத் திருப்புங்கள். எல்லோரும் படகின் அடிப்பலகையில் உட்காருங்கள். உள்ளே சேரும் தண்ணீரை எதைக் கொண்டாவது இறைத்துக்கொண்டே இருங்கள்.

துடுப்புப் படகோ மிதிப்படகோ, வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும்போது ஒரு பழக்கம் வேண்டும். முதலில் காற்றுக்கு எதிராகப் போக வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கும்போது கஷ்டமான திசை. களைத்துத் திரும்பும்போது காற்றே கரை சேர்க்கும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். காற்று தள்ளத் தள்ள, “என்ன சுலபமாகப் போகுது!” என்று மகிழ்ந்து நடு ஏரிக்குப் போய்விடுகிறோம். திரும்பும்போதுதான் உண்மை தெரிகிறது. கால் ஓய்ந்துவிட்டது, பிள்ளை அழுகிறது, மேகம் இறங்குகிறது.

மேகம் என்றதும் கோடைக்கானல் நினைவு வருகிறது. அந்த ஏரி மதுரைக்காரர்களின் ஏரி என்றே சொல்வேன். மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளைத் தடுத்து அணை போட்டு உருவாக்கியது அது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறிப் போனது. 1890இலேயே அங்கே படகுக் குழாம் வந்துவிட்டது. ஏரியின் வடிவம் நட்சத்திரம். பல கைகள் நீண்டிருக்கும். ஒரு கையில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், திருப்பத்தைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறையும். பிற்பகலில் மஞ்சு இறங்கினால் எதிர்க்கரை மறைந்துவிடும். அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே போகிற நாம் மதுரை வெயிலில் காய்ந்த உடம்போடு போகிறோம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அந்த ஊர் இருக்கிறது. மார்கழி தை இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. அந்தக் குளிர் முழுவதையும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். காலை வெயில் முதுகில் சுள்ளென்று அடிக்கும். தண்ணீரில் கைவிட்டால் விறைக்கும். வெயிலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் என்ன ஆகும்? இதைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். “விறைத்துச் செத்துவிடுவார்கள்” என்று நாம் நினைக்கிறோம். விறைப்பு கடைசியில் வருவது. முதலில் போவது மூச்சு. தோலில் குளிர் பட்டதும் நம்மை அறியாமலே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால், உள்ளே போவது தண்ணீர். அதன்பின் மூச்சு தாறுமாறாக இரைக்கும், இதயம் படபடவென்று அடிக்கும். பதினைந்து டிகிரிக்கும் கீழான நீரில் இது மிகக் கடுமையாக இருக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தணியும். தணியும் வரை முகத்தை மேலே வைத்திருக்க ஏதாவது வேண்டும். நீச்சல் அந்த நேரத்தில் உதவாது. இரைக்கிற மூச்சோடு யாராலும் நீந்த முடியாது.

கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். உறைநிலையை ஒட்டிய நீருக்கு அவர் சொல்லும் கணக்கு மூன்று எண்கள்: ஒன்று, பத்து, ஒன்று. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால்கள் நம் சொல் கேட்பது பத்து நிமிடம்தான். நினைவு தப்ப ஒரு மணி நேரம். நம் மலை ஏரிகள் அவ்வளவு குளிர்ந்தவை அல்ல, நமக்கு அவகாசம் கூடுதல். ஆனால் வரிசை அதேதான்: முதலில் மூச்சு, பிறகு கைகால், கடைசியில் நினைவு.

கிணற்றில் குதித்து வளர்ந்த நம் இளைஞர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தம்பிகளே, உங்கள் நீச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரில் காற்று இல்லை, அலை இல்லை; எந்தப் பக்கம் நாலு கை போட்டாலும் சுவர் வந்துவிடும். ஏரியின் நடுவிலிருந்து பார்த்தால் கரை இருக்கிறதைவிடப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதன் மேல் ஏறிக்கொள்ளுங்கள். தேடி வருகிறவர் கண்ணுக்குப் படகு தெரியும். அலைக்கு நடுவே ஒரு தலை தெரியாது.

படகை விடாதீர்கள் என்பதற்கு நம் இனத்தின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1986 ஆகஸ்ட் மாதம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்கு நடுவே இரண்டு உயிர்காப்புப் படகுகள். அவற்றில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள். ஊரில் போர். உயிர் பிழைக்கப் புறப்பட்டவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்தக் கடலில் வடக்கிலிருந்து லாப்ரடார் நீரோட்டம் வருகிறது. ஆகஸ்டிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். நாள்கணக்கில் அலைந்தார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 11ஆம் நாள் கஸ் டால்ட்டன் என்ற மீனவர் தம் படகில் வரும்போது அவர்களைக் கண்டார். மற்ற மீன்பிடிப் படகுகளையும் அழைத்தார். அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும் அவர்கள் அந்த மீனவரைத் தேடிப்போய் நன்றி சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். வெப்ப நாட்டு உடம்புகள், போதுமான கம்பளி கிடையாது, வடஅட்லாண்டிக் காற்று. எப்படிப் பிழைத்தார்கள்? அவர்கள் தண்ணீருக்குள் இல்லை, தண்ணீருக்கு மேலே இருந்தார்கள். காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை இழுக்கும். நனைந்து நடுங்கினாலும் படகுக்குள் இருக்கிறவருக்கு நாள்கணக்கில் காலம் இருக்கிறது. அதே கடலுக்குள் இறங்கிவிட்டவருக்குச் சில மணி நேரம்தான்.

இனி லைஃப் ஜாக்கெட். “அழுக்காக இருக்கிறது”, “வாடை அடிக்கிறது”, “புடவைக்கு மேல் எப்படிப் போடுவது”, “போட்டோவில் நன்றாக இருக்காது”, “எனக்கு நீச்சல் தெரியும்”. படகுத்துறையில் நின்றால் இந்த ஐந்தும் காதில் விழும். தாய்மார்களே, உங்கள் அப்பத்தாமார் பிள்ளையை முதன்முதலில் கிணற்றில் இறக்கியபோது எப்படி இறக்கினார்கள்? முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டினார்கள். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தாய்மாமன் கையில் கொடுத்தார்கள். சுரைக்குடுக்கை கட்டுவது அவமானம் என்று எந்தப் பிள்ளையும் நினைத்ததில்லை. மிதவை கட்டாமல் பிள்ளையைத் தண்ணீரில் விடக்கூடாது என்பது நம் கிராமத்தின் சட்டம். அந்தச் சட்டத்தை நாம் ஏன் படகுத்துறையில் மறந்தோம்?

வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதும், மடியில் வைத்து உட்காருவதும், பட்டை கட்டாமல் தோளில் மாட்டிக்கொள்வதும் பயனற்றவை. தண்ணீரில் விழுந்ததும் கட்டாத ஜாக்கெட் தலை வழியே கழன்று மேலே போகும், ஆள் கீழே போவார். கொக்கி எல்லாவற்றையும் பூட்டி, பட்டையை இறுக்கி, கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். மோவாய்க்கு மேல் ஏறினால் அது தளர்வு. குழந்தைக்குக் குழந்தை அளவு வேண்டும். கால்களுக்கு இடையே போகிற பட்டையும் வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டுக் கவலை தீர்ந்தது என்று இருக்காதீர்கள். குழந்தை அளவு இல்லையா? அந்தப் படகு நமக்கு வேண்டாம். புடவை முந்தானையை இடுப்பில் செருகி, அதன்மேல் ஜாக்கெட்டைக் கட்டுங்கள்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். 2007 பிப்ரவரி 20, கேரளத்தின் தட்டேக்காடு. சுற்றுலா போன 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் திரும்பவில்லை. 2024 ஜனவரி 18, வதோதராவின் ஹர்ணி ஏரி. 12 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அங்கே படகில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஜாக்கெட் இல்லை. பிள்ளைகள் கேட்கத் தெரியாதவர்கள். “எத்தனை பேர் ஏறலாம்? ஜாக்கெட் எத்தனை இருக்கிறது?” என்ற இரண்டு கேள்விகளை அவர்களுக்காக நீங்கள் கேட்டாக வேண்டும். பதில் பொருந்தாவிட்டால், அழுகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். அந்த அழுகை ஐஸ்கிரீமில் தீர்ந்துவிடும்.

கண்ணெதிரே ஒருவர் மூழ்கினால்? பாசம் நம்மைக் குதிக்கச் சொல்லும். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இருவர் மூவராகப் போன செய்திகளைக் கண்மாய்க் கரையிலும் கல்குவாரிக் குட்டையிலும் ஆண்டுதோறும் படிக்கிறோம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் என்ன நடந்தது தெரியுமா? இளைஞர்கள் மூழ்கினார்கள். கரையில் நின்ற மூன்று பெண்கள் தங்கள் புடவைகளைக் கழற்றித் தண்ணீரில் வீசினார்கள். இருவர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். தமிழக அரசு அந்தத் தாய்மாருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. புடவை, வேட்டி, கயிறு, மூங்கில், காலியான தண்ணீர்க் கேன் என்று கைக்குக் கிடைப்பதை எறியுங்கள். வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு இழுங்கள்.

கரையேற்றியதும் நம் ஊரில் செய்கிற சில காரியங்களை உடனே நிறுத்த வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போகும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊதி, நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று. மூச்சு இருந்து, குளிரில் நடுங்குகிறார் என்றால் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். ஈர உடையை அகற்றிக் காய்ந்த துணியால் தலை உட்படப் போர்த்துங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள். நினைவு தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பாகச் சர்க்கரை போட்ட பால் கொடுங்கள். “சூடு ஏறட்டும்” என்று யாராவது மது கொடுத்தால் தட்டிவிடுங்கள். அது உள்ளிருக்கிற சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேற்றிவிடும்.

என் பேச்சு முடிந்தது. ஆனால் தயவுசெய்து உடனே எழுந்து போய்விடாதீர்கள். மேடையின் இடப்பக்கம் மேசையில் லைஃப் ஜாக்கெட்டுகள் வைத்திருக்கிறோம், குழந்தை அளவும் பெரியவர் அளவும். வரிசையாக வாருங்கள். பிள்ளைகள் முதலில் மாட்டிக்கொள்ளட்டும், அம்மாவோ அப்பாவோ தோள்பட்டையை இழுத்துப் பார்க்கட்டும். புடவைக்கு மேல் கட்டுவது எப்படி என்று காட்ட மேசையருகே இரண்டு சகோதரிகள் நிற்கிறார்கள். அதன் பிறகு வெளியே திண்ணையில் கயிறு எறிந்து பழகலாம்.